தனியார் மருத்துவமனைச் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவனிடம் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், முன்பின் தெரியாதவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றைத் தமிழ்நாட்டு நிலவரப்படி இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் டிஸ்சார்ஜ் அன்றுதான் கேட்க வருகிறார்கள். அதற்குள் பில்லை முடிவு செய்கிற விஷயங்கள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். எந்த அறை எடுத்தோம், படிவத்தில் என்ன எழுதினோம், எஸ்டிமேட் வாங்கினோமா இல்லையா என்பதெல்லாம் முதல் நாள் சமாச்சாரம். அதனால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒரு நல்ல நாளில் இதைப் படித்துவிடுங்கள்.

தனியார் மருத்துவமனை என்றால் எல்லாம் ஒரே மாதிரிதானா?

இல்லை. நம் ஊரில் அந்தப் பெயருக்குள் நாலு வகை இருக்கிறது. ஒரு டாக்டர் அல்லது ஒரு டாக்டர் தம்பதி நடத்தும் பத்து இருபது படுக்கை நர்சிங் ஹோம் ஒரு வகை. 1983-இல் சென்னையில் அப்போலோ தொடங்கியபோது வந்த பெரிய கார்ப்பரேட் மருத்துவமனை இன்னொரு வகை. வேலூர் சி.எம்.சி., மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்றவை லாபத்துக்காக நடத்தப்படாதவை. அங்கே வசதி உள்ளவர் கட்டும் பணத்தில் வசதி இல்லாதவருக்குச் சலுகையோ இலவசமோ கிடைக்கும். அப்புறம், தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள். மாணவர்கள் கற்றுக்கொள்ள நோயாளிகள் வேண்டும் என்பதால் அங்கே பொது வார்டுக் கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

ஒரே அறுவை சிகிச்சைக்கு இந்த நான்கு இடங்களில் நான்கு விலை இருக்கும். அவசரம் இல்லாத சிகிச்சை என்றால் குறைந்தது இரண்டு வகை இடங்களில் விசாரியுங்கள். குடலிறக்கம், பித்தப்பைக் கல், கண்புரை, மூட்டு மாற்று எல்லாம் இதில் சேரும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அப்படியே இன்னொரு டாக்டரின் கருத்தையும் வாங்கிவிடலாம். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அட்மிஷன் போடும்போதே அட்வான்ஸ் கேட்கிறார்கள். கட்டினால்தான் வைத்தியமா?

திட்டமிட்ட சிகிச்சைக்கு அட்வான்ஸ் கேட்பது வழக்கம், அதில் தவறு இல்லை. ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கேஷ்லெஸ் இன்சூரன்ஸ், அதாவது கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, இருந்தாலும் ஒரு தொகையை டெபாசிட்டாகக் கேட்பார்கள். இன்சூரன்ஸ் கடைசி அனுமதி வந்த பிறகு, உங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். எத்தனை நாளில் தருவார்கள் என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் கதை வேறு. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைப் பட்டியலிலும், முன்பணம் கேட்டு அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று இருக்கிறது. எந்த மருத்துவமனையாவது "பணம் கட்டிவிட்டு வாருங்கள்" என்று நெஞ்சுவலிக்காரரை வராந்தாவில் நிறுத்தினால் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு அவரிடமே பேசுங்கள். பில்லிங் கவுண்டரில் வாக்குவாதம் செய்து நேரத்தை இழக்க வேண்டாம். கவுண்டரில் இருப்பவருக்கு விதிவிலக்கு கொடுக்கும் அதிகாரம் இருக்காது.

எஸ்டிமேட் கேட்டால் "ஒன்றரை லட்சம் வரும்" என்று வாயால் சொல்கிறார்கள். அது போதுமா?

போதாது. எழுதி வாங்குங்கள். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, அந்தத் தொகைக்குள் எது வரும், எது வராது என்பதைத்தான். பேக்கேஜ் என்று சொன்னால் எத்தனை நாள் தங்குவதற்கு, எந்த வகை அறைக்கு, இம்ப்ளான்ட் (உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவை) விலை சேர்த்தா சேர்க்காமலா, மயக்க மருந்து டாக்டர் கட்டணம் உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். ஐ.சி.யு.வுக்கு மாற்ற வேண்டி வந்தால் ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்பதையும் கேட்டு வையுங்கள். எஸ்டிமேட் தாண்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

சேர்ந்த பிறகு, ஒவ்வொரு நாள் மாலையும் அன்றுவரைக்கும் ஆன கணக்கைக் கேட்டு வாங்கலாம். பெரிய மருத்துவமனைகளில் இடைக்கால பில் என்று கேட்டால் அச்சிட்டுக் கொடுப்பார்கள். போடாத ஊசி, எடுக்காத ஸ்கேன், வராத டாக்டரின் விசிட் கட்டணம் போன்ற தவறுகளை அன்றைக்கே கண்டுபிடித்தால் அன்றைக்கே திருத்தலாம். பத்து நாள் கழித்து யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

அறை வாடகை கொஞ்சம் கூடினால் என்ன, அந்த வித்தியாசத்தை நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றால் போதாதா?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இழக்கிற பணம்தான் நான் பார்த்தவற்றிலேயே அதிகம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல பாலிசிகளில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கும். காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் என்பது பழைய பாலிசிகளிலும் கம்பெனிகள் எடுக்கும் குழு பாலிசிகளிலும் சாதாரணம். 5 லட்ச ரூபாய் பாலிசி என்றால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்குகிறீர்கள் என்று வையுங்கள். நாலு நாள். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனி அறை வாடகையில் மட்டும் பாதியை வெட்டாது. அறைக்கு ஏற்றபடி மாறும் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டும். சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், நர்சிங், டாக்டர் விசிட் எல்லாம் பாதியாகும்.

கணக்கைப் பாருங்கள். அறை வாடகை 40,000. சர்ஜன், தியேட்டர், நர்சிங் வகையறா 1,20,000. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகள் 80,000. மொத்தம் 2,40,000. இன்சூரன்ஸ் தருவது அறைக்கு 20,000, இரண்டாவது வகைக்கு 60,000, மூன்றாவதுக்கு முழு 80,000. ஆக 1,60,000. உங்கள் கையிலிருந்து 80,000 போகும். நீங்கள் மனதில் போட்டு வைத்த வித்தியாசம் 20,000 தான்.

மூன்றாவது வகையை முழுதாகக் கொடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனியின் பெருந்தன்மை அல்ல. மருந்து, நுகர்பொருள், இம்ப்ளான்ட், பரிசோதனைக் கட்டணங்களில் விகித வெட்டு போடக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதி வைத்திருக்கிறது. ஐ.சி.யு. கட்டணத்துக்கும் விகித வெட்டு கிடையாது. அறைக்கு அறை கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் விகித வெட்டே போடக் கூடாது. உங்கள் செட்டில்மென்ட் கடிதத்தில் மருந்துச் செலவையும் பாதியாக்கியிருந்தால் இந்த விதியைச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள, ஐ.சி.யு. அல்லாத அறைகளுக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு.

ஆகவே அட்மிஷன் கவுண்டரில் "ஏ.சி. சிங்கிளா, டீலக்ஸா" என்று கேட்கும்போது பதில் சொல்வதற்கு முன்னால் பாலிசியை எடுத்து வரம்பைப் பாருங்கள். கேட்ட வகை அறை காலியில்லை என்று மேல் வகையில் போடுகிறார்கள் என்றால், "உங்களிடம் இடம் இல்லாததால் போடுகிறீர்கள், கட்டணம் கீழ் வகைக்கே போட வேண்டும்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். கேட்காதவருக்குக் கிடைக்காது.

கேஷ்லெஸ் என்கிறார்களே, அது உண்மையில் எப்படி நடக்கிறது?

நீங்கள் கார்டையும் ஆதாரையும் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கொடுக்கிறீர்கள். டாக்டர் நோய், சிகிச்சை, உத்தேசச் செலவு எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அந்தப் படிவம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ அதற்காக வேலை செய்யும் டி.பி.ஏ. நிறுவனத்துக்கோ போகிறது. அவர்கள் முதலில் ஒரு தொகைக்கு அனுமதி தருவார்கள். அது எஸ்டிமேட்டில் பாதியாகக்கூட இருக்கும், பதற வேண்டாம். சிகிச்சை போகப் போக மருத்துவமனை கூடுதல் தொகை கேட்டு எழுதும். டிஸ்சார்ஜ் அன்று கடைசி பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் போய், இறுதி அனுமதி வரும்.

2024 மே மாதம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, முதல் அனுமதி ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். மூன்று மணி நேரம் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதை இன்சூரன்ஸ் கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஆனால் இந்தக் கடிகாரம் மருத்துவமனை காகிதங்களை அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "போகலாம்" என்று சொல்லிவிட்டு, சம்மரி மதியம் டைப் ஆகி, பில் மூன்று மணிக்கு முடிந்தால், நீங்கள் வீடு போவது இரவுதான். முந்தின நாள் மாலையே "நாளை டிஸ்சார்ஜ் என்றால் சம்மரியை இன்றைக்கே தயார் செய்ய முடியுமா" என்று வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். பாதி நாள் மிச்சமாகும்.

படிவத்தில் எழுதுவதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். "எத்தனை நாளாக இருக்கிறது" என்ற கட்டத்தில், மூன்று மாதமாக இருக்கிற வலியை மூன்று வருஷம் என்று அவசரத்தில் எழுதிவிட்டால் அது பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்று ஆகிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும் பாடு. வாயால் தேதி சொல்லும்போதே யோசித்துச் சரியாகச் சொல்லுங்கள்.

நாங்கள் போகிற மருத்துவமனை நெட்வொர்க்கில் இல்லை. அப்போது?

2024 ஜனவரியிலிருந்து, நெட்வொர்க்கில் இல்லாத, அதாவது உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம் என்று, காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான பொதுக் காப்பீட்டு கவுன்சில் ஏற்பாடு செய்திருக்கிறது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்னதாகவும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் மருத்துவமனையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சின்ன ஊர்களில் பல நர்சிங் ஹோம்கள் ஒத்துக்கொள்வதில்லை. அப்போது பணத்தை நீங்கள் கட்டிவிட்டுப் பின்னால் திரும்ப வாங்கும் ரீஇம்பர்ஸ்மென்ட் வழிதான். அதற்கும் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி ஒரு எண் வாங்கி வைக்க வேண்டும்.

பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறது, பில் 2 லட்சம்தான். ஏன் முழுதும் வரவில்லை?

அறை வாடகையை மேலே சொல்லிவிட்டேன். மற்றக் காரணங்களில் முதலாவது, மருத்துவம் சாராத பொருள்கள். கையுறை, முகக்கவசம், டயபர், பதிவுக் கட்டணம், கூட இருப்பவர் சாப்பாடு என்று ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. இவற்றுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. தனியாகக் கொஞ்சம் பிரீமியம் கட்டி இவற்றையும் சேர்த்துக்கொள்ளும் வசதி இப்போது பல கம்பெனிகளில் உண்டு. வயதானவர்களுக்கு அதை எடுப்பது நல்லது என்பேன். அடுத்தது கோ-பே. பில்லில் 10 அல்லது 20 சதவீதம் நீங்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை. மூத்த குடிமக்கள் பாலிசிகளில் அதிகம். மூன்றாவது, குறிப்பிட்ட சிகிச்சைக்கான உச்சவரம்பு. கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். உயர்ந்த லென்ஸ் வைத்தால் மீதி உங்கள் பொறுப்பு.

எதை எதற்காக வெட்டினார்கள் என்று வரிவரியாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருக்கிறது. அதைச் சொன்னால் பாலிசி தரமாட்டார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறார். மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். அந்த ஏஜென்ட்டிடம் பாலிசியும் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று வருஷம் பிரீமியம் கட்டிய பிறகு மாரடைப்பு வந்து படுத்திருக்கும்போது, பழைய மருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தால் போதும், மொத்த க்ளெய்மும் கேள்விக்குள்ளாகும். டாக்டர் கேஸ் ஷீட்டில் "பத்து வருஷமாகச் சர்க்கரை" என்று உண்மையைத்தான் எழுதுவார், எழுதவும் வேண்டும்.

உண்மையைச் சொன்னால் பிரீமியம் கொஞ்சம் கூடலாம், காத்திருப்புக் காலம் வரலாம். ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருஷம்தான் என்று 2024 ஏப்ரல் முதல் குறைத்துவிட்டார்கள், முன்பு நான்கு. ஒரு பாலிசியை விடாமல் 60 மாதம் தொடர்ந்து புதுப்பித்திருந்தால், அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபித்தாலன்றி, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. வயது 65-ஐத் தாண்டியவருக்குப் பாலிசியே கிடையாது என்ற நிலையும் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு முன் 18 சதவீதம். பெற்றோருக்குப் பாலிசி எடுப்பதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு இது உதவியான மாற்றம்.

புது பாலிசி வந்ததும் 30 நாளுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த 30 நாளில் அறை வாடகை வரம்பு, கோ-பே, காத்திருப்புக் காலம் மூன்றையும் தேடிப் பாருங்கள்.

கம்பெனியில் இன்சூரன்ஸ் இருக்கிறது. தனியாக எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. வேலை போனாலோ ஓய்வு பெற்றாலோ கம்பெனி பாலிசி நின்றுவிடும். அந்த வயதில் புதிதாக எடுக்கப் போனால் பிரீமியமும் கூடுதல், காத்திருப்பும் முதலிலிருந்து. வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். கடைசி நாளுக்கு முன்பே அதைப் பேசிவிட வேண்டும். சம்பளம் குறைவாக இருந்து, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் முதலில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அங்கே வசதி இல்லாத சிகிச்சைக்கு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைக்கு அவர்களே எழுதி அனுப்புவார்கள். அந்தப் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நேராகத் தனியாரில் சேர்ந்துவிட்டுப் பிறகு பணம் கேட்டு அலைகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தனியார் மருத்துவமனையில் செல்லுமா?

செல்லும். இது தமிழ்நாட்டின் பெரிய பலம், இன்னும் பல பேருக்கு முழுதாகத் தெரியவில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களும் இதில் சேரலாம். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் பெறும் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள்.

சில விஷயங்களைக் கவனியுங்கள். எல்லா தனியார் மருத்துவமனையும் இதில் இல்லை. இருக்கிற மருத்துவமனையிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. இதய சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இடத்தில் சிறுநீரக சிகிச்சைக்கு அனுமதி இல்லாமல் போகலாம். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் இது. சாதாரணக் காய்ச்சலுக்கு அல்ல. அப்புறம், அட்டையைச் சேரும்போதே காட்டுங்கள். ரொக்க நோயாளியாகச் சேர்ந்து, நாலு நாள் கழித்து அட்டையைக் கொண்டுவந்தால் அதுவரை கட்டிய பணம் திரும்புவது கடினம்.

திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்குக் கூடுதலாகப் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் மருத்துவமனையிலேயே இருக்கும் திட்ட அலுவலரிடமோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலோ புகார் சொல்லுங்கள்.

சாலை விபத்தில் அடிபட்டால்?

பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டப்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனை இரண்டிலும் உண்டு. காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமான வரம்பு இல்லை, வேற்று மாநிலத்தவரானாலும் சரி. மத்திய அரசும் 2025 மே மாதம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாளுக்குள் ஒன்றரை லட்ச ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை என்று அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்த்தவரிடம் பணம் கேட்கக் கூடாது.

மருந்தை அங்கேயே வாங்கச் சொல்கிறார்கள். வெளியில் வாங்கலாமா?

வாங்கலாம். எந்தப் பதிவு பெற்ற மருந்துக் கடையிலும் வாங்குவது நோயாளியின் உரிமை என்று நோயாளிகள் உரிமைப் பட்டியல் சொல்கிறது. உள்நோயாளியாக இருக்கும்போது, குளிர்ச்சியில் வைக்க வேண்டிய ஊசி, தியேட்டரில் உடனே வேண்டிய பொருள் போன்றவற்றுக்கு மருத்துவமனை மருந்தகமே பாதுகாப்பு என்பது என் எண்ணம். ஆனால் வீட்டுக்குப் போனபின் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய மாத்திரையை அங்கே வாங்கத் தேவையே இல்லை. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அதே மூலக்கூறு (மருந்தின் அடிப்படைப் பொருள்) உள்ள மருந்து பல மடங்கு குறைந்த விலையில் கிடைக்கும். டாக்டரிடம் மூலக்கூறின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதய ஸ்டென்ட் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு போடுவதற்கு முன், ஒரு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு ஒன்றரை லட்சம் வரைகூட வாங்கினார்கள். முதலில் 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். பிறகு ஏறி இறங்கி இப்போதும் ஜி.எஸ்.டி. நீங்கலாக 40,000-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பில்லில் ஸ்டென்ட்டின் விலை, கம்பெனி, பேட்ச் எண் தனியாக இருக்க வேண்டும். அதே 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் விலை வரம்பு வந்தது. "இம்போர்ட்டட், அதனால் விலை அதிகம்" என்று யாராவது சொன்னால், வரம்பு இறக்குமதிக்கும் சேர்த்துத்தான்.

பில் கட்ட முடியவில்லை. நோயாளியைப் பிடித்து வைக்க முடியுமா?

முடியாது. பாக்கிப் பணத்துக்காக நோயாளியையோ இறந்தவரின் உடலையோ வைத்துக்கொள்வது உரிமை மீறல். மருத்துவமனைக்குப் பாக்கியை வசூலிக்கச் சட்ட வழி இருக்கிறது. மனிதரைப் பிணையாக வைப்பது அந்த வழி அல்ல. அப்படி நடந்தால் 100-க்கு அழைக்கலாம், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் தரலாம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்தான் தனியார் மருத்துவமனைகள் பதிவு பெற்று இயங்குகின்றன.

அந்த அளவுக்குப் போகாமலேயே பல சமயம் வழி கிடைக்கும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ மேலாளரையோ சந்தியுங்கள். சிகிச்சை தந்த டாக்டரிடம் நேராக நிலைமையைச் சொல்லுங்கள். அவர் தன் கட்டணத்தைக் குறைத்தால் பில்லில் பெரிய பகுதி குறையும். இதற்கெல்லாம் டிஸ்சார்ஜ் வரை காத்திருக்காமல், பணம் தீர்ந்துகொண்டு வருகிறது என்று தெரிந்த அன்றே பேச வேண்டும். நோயாளியின் நிலை சீராக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவதும் நல்ல வழி. நகையை அடகு வைத்துத் தனியாரில் வென்டிலேட்டருக்கு நாள்தோறும் பணம் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அதில் தோல்வியோ அன்புக் குறைவோ ஒன்றுமில்லை.

ரொக்கமாகக் கட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: வருமான வரிச் சட்டப்படி ஒரு சிகிச்சைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க மருத்துவமனைக்கு அனுமதி இல்லை.

க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

முதலில் மறுப்புக் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று அதில் இருக்க வேண்டும். பாதி மறுப்புகள் ஒரு விளக்கத்தில் தீரக்கூடியவை: தேதி தவறு, "எதனால் வந்தது" என்று டாக்டர் எழுதாமல் விட்டது, ரத்தப் பரிசோதனை அறிக்கை இணைக்காதது. டாக்டரிடம் ஒரு விளக்கக் கடிதம் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ, காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். கம்பெனியின் கடைசி பதில் வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். மருத்துவமனை மீதே குறை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டிஸ்சார்ஜ் அன்று என்னென்ன காகிதம் வாங்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, வரிவரியாகப் பிரித்த கடைசி பில், பணம் கட்டிய எல்லா ரசீதும், மருந்துச் சீட்டோடு சேர்த்து மருந்து பில்கள், பரிசோதனை அறிக்கைகள், ஸ்கேன் படங்கள். ஸ்டென்ட், லென்ஸ், மூட்டு போன்றவை வைத்திருந்தால் அவற்றின் ஸ்டிக்கர். ரீஇம்பர்ஸ்மென்ட் என்றால் எல்லாம் அசலாகக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கேஸ் ஷீட் நகல் வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது.

சம்மரியை வாங்கிய இடத்திலேயே நின்று, பெயர், வயது, சேர்ந்த தேதி, நோயின் பெயர் சரியாக இருக்கிறதா என்று படியுங்கள். வீடு போன பிறகும் செலவு தொடரும். அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் மருந்து, பரிசோதனை, டாக்டர் கட்டணத்தையும் பல பாலிசிகள் தரும். கேஷ்லெஸ்ஸில் வந்தவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. அந்த பில்களையும் ஒரு கவரில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், அந்த 60 அல்லது 90 நாள் முடிந்ததும் ஒன்றாக அனுப்பிவிடலாம்.